விளிம்பு ஆதிக்கம்: இரண்டு முனைகளுக்குள் அடங்கும் கணக்கு

கோட்டுரு என்பது முனைகளும் அவற்றை இரண்டிரண்டாக இணைக்கும் விளிம்புகளும் சேர்ந்த அமைப்பு. ஒரு கோட்டுருவில் சில விளிம்புகளை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வில் இடம்பெறாத ஒவ்வொரு விளிம்பும் தேர்ந்தெடுத்த விளிம்பு ஒன்றையாவது தன் இரு முனைகளில் ஏதேனும் ஒன்றில் தொட வேண்டும். இந்த நிபந்தனையை நிறைவு செய்யும் விளிம்புத் தொகுப்பு, விளிம்பு ஆதிக்கக் கணம் எனப்படுகிறது. எல்லா விளிம்புகளையும் மொத்தமாக எடுத்துக்கொண்டால் அதுவும் ஆதிக்கக் கணம்தான். ஆகவே ஆதிக்கக் கணம் இருக்கிறதா என்பது கேள்வியல்ல. இருப்பவற்றுள் மிகச் சிறியது எது என்பதே கேள்வி. அந்த மிகச் சிறிய கணத்திலுள்ள விளிம்புகளின் எண்ணிக்கை அக்கோட்டுருவின் விளிம்பு ஆதிக்க எண்.

ஆதிக்கம் என்ற கருத்து முதலில் முனைகளைக் குறித்தே எழுந்தது. 8×8 சதுரங்கப் பலகையில் எல்லாக் கட்டங்களையும் தம் பிடிக்குள் வைத்திருக்க எத்தனை ராணிகள் வேண்டும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆராயப்பட்ட புதிர், விடை 5. கட்டங்களை முனைகளாகவும், ராணி ஒரே நகர்வில் போகக்கூடிய கட்டங்களுக்கு இடையிலான தொடர்பை விளிம்பாகவும் கொண்டால், அது முனை ஆதிக்கக் கணக்காகிவிடும். நார்வே கணிதவியலர் ஓய்ஸ்டைன் ஓர 1962-இல் வெளியிட்ட கோட்டுருவியல் நூலில் இக்கருத்துக்கு முறையான இடம் கிடைத்தது. முனைகளுக்குப் பதிலாக விளிம்புகளை வைத்து அதே கேள்வியைக் கேட்பதுதான் விளிம்பு ஆதிக்கம்.

கேட்பதற்கு இரண்டும் ஒரே சாயலில் இருந்தாலும் கணிப்பில் பெரிதும் வேறுபடுகின்றன. ஒரு முனைக்கு எத்தனை அண்டை முனைகள் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு விளிம்புக்கோ முனைகள் இரண்டே. இந்த ஒரு சிறு உண்மையிலிருந்தே விளிம்பு ஆதிக்கத்தைப் பற்றிய முக்கிய முடிவுகள் பலவும் பிறக்கின்றன.

சிறு கோட்டுருக்கள்

அ, ஆ, இ, ஈ என்ற நான்கு முனைகள் ஒரே வரிசையில் மூன்று விளிம்புகளால் இணைக்கப்பட்டுள்ளன என்று கொள்வோம். நடுவிலுள்ள ஆ–இ விளிம்பை மட்டும் எடுத்தால் போதும். மற்ற இரண்டும் அதைத் தொடுகின்றன. ஒரு பாதையில் எந்த விளிம்பும் தன்னையும் தன் இருபுறத்து அண்டை விளிம்புகளையும் சேர்த்து மூன்றுக்கு மேல் ஆள முடியாது. எனவே 9 விளிம்புகள் கொண்ட பாதைக்கு 3 விளிம்புகள் வேண்டும். 10 விளிம்புகள் கொண்டதற்கு 4 வேண்டும். பொதுவாக, விளிம்புகளின் எண்ணிக்கையை 3-ஆல் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கினால் விடை கிடைத்துவிடும்.

எல்லா முனைகளும் ஒன்றோடொன்று இணைந்த முழுமையான கோட்டுருவில் நிலைமை வேறு. தேர்ந்தெடுத்த விளிம்புகள் எவையும் தொடாத முனைகள் இரண்டு மிஞ்சினால், அவ்விரண்டையும் இணைக்கும் விளிம்பு ஆளப்படாமல் போய்விடும். ஆகவே அதிகபட்சம் ஒரு முனையைத்தான் தொடாமல் விடலாம். 10 முனைகளுக்கு 5 விளிம்புகளும், 11 முனைகளுக்கும் அதே 5 விளிம்புகளும் தேவை.

இந்த வாதத்துக்குள் ஒரு பொதுவிதி இருக்கிறது. தேர்ந்தெடுத்த விளிம்புகள் தொடாமல் விட்ட முனைகளுக்கு இடையே எந்த விளிம்பும் இருக்கக் கூடாது. வேறு விதமாகச் சொன்னால், ஆதிக்கக் கணத்தின் முனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், கோட்டுருவின் ஒவ்வொரு விளிம்பும் அவற்றில் ஒன்றையாவது தொடும். எல்லா விளிம்புகளையும் தொடும் இத்தகைய முனைத் தொகுப்புக்கு முனை மூடல் என்று பெயர். க விளிம்புகள் கொண்ட ஆதிக்கக் கணம் அதிகபட்சம் 2க முனைகள் கொண்ட முனை மூடல் ஒன்றைத் தருகிறது. இந்த உறவு பின்னால் பலமுறை பயன்படும்.

பீட்டர்சன் கோட்டுரு

டென்மார்க் கணிதவியலர் ஜூலியஸ் பீட்டர்சனின் பெயரைத் தாங்கிய கோட்டுருவில் 10 முனைகளும் 15 விளிம்புகளும் உள்ளன. ஒவ்வொரு முனையிலும் 3 விளிம்புகள் சேர்கின்றன. அதை இப்படி அமைக்கலாம்: 1 முதல் 5 வரையிலான எண்களிலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால் 10 சோடிகள் கிடைக்கும், ஒவ்வொரு சோடியும் ஒரு முனை. பொது எண் இல்லாத இரு சோடிகளுக்கு இடையே ஒரு விளிம்பு. 12 என்ற முனை 34, 35, 45 ஆகிய மூன்றோடு இணையும்.

இதில் எந்த விளிம்பை எடுத்தாலும் அது தன்னையும், ஒவ்வொரு முனையிலும் உள்ள மற்ற இரண்டு விளிம்புகளையும் சேர்த்து 5 விளிம்புகளை ஆள்கிறது. மொத்தம் 15 விளிம்புகள் இருப்பதால் 3 விளிம்புகளுக்குக் குறைந்து தேர்ந்தெடுக்கவே முடியாது. 3 போதுமா என்பதுதான் மீதிக் கேள்வி.

போதும். 5 என்ற எண் இடம்பெறும் 15, 25, 35, 45 ஆகிய நான்கு முனைகளை ஒதுக்கிவைக்கலாம். அவை அனைத்துக்கும் 5 பொது என்பதால் அவற்றுக்கிடையே விளிம்பே இல்லை. மிஞ்சும் ஆறு முனைகளுக்கு இடையே உள்ள விளிம்புகள் 12–34, 13–24, 14–23 என்ற மூன்று மட்டுமே. இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டால், மற்ற 12 விளிம்புகளில் ஒவ்வொன்றும் ஒதுக்கிய நான்கு முனைகளில் ஒன்றையும் இந்த ஆறில் ஒன்றையும் இணைப்பதாக இருக்கும். ஆகவே ஒவ்வொன்றும் ஆளப்படுகிறது. அதுவும் சரியாக ஒரே ஒரு முறை. பீட்டர்சன் கோட்டுருவின் விளிம்பு ஆதிக்க எண் 3.

பொருத்தமும் ஆதிக்கமும்

மேலே கிடைத்த மூன்று விளிம்புகளும் ஒன்றையொன்று தொடவில்லை என்பது தற்செயல் அல்ல. ஒன்றையொன்று தொடாத விளிம்புகளின் தொகுப்புக்குப் பொருத்தம் என்று பெயர். இனி ஒரு விளிம்பைக்கூடச் சேர்க்க இடமில்லாத நிலையை எட்டிய பொருத்தம், நிறைந்த பொருத்தம். நிறைந்த பொருத்தம் ஒவ்வொன்றும் ஆதிக்கக் கணமே: அது தொடாத விளிம்பு ஏதேனும் இருந்தால் அதையும் சேர்த்திருக்கலாமே. இதன் மறுதலையும், ஒரு சிறு திருத்தத்தோடு, உண்மையாகிறது. மிகச் சிறிய ஆதிக்கக் கணத்தை, விளிம்புகளின் எண்ணிக்கை மாறாமல், நிறைந்த பொருத்தமாக மாற்றிவிட முடியும்.

அதற்கான வழி இது. மிகச் சிறிய ஆதிக்கக் கணத்தில் அ–ஆ, ஆ–இ என்ற இரு விளிம்புகள் ஆ என்ற முனையில் சந்திக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆ–இ விளிம்பை எடுத்துவிட்டால் ஆ முனையிலுள்ள விளிம்புகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. அவற்றை அ–ஆ பார்த்துக்கொள்ளும். கணம் மிகச் சிறியது என்பதால் ஏதோ ஒரு விளிம்பு ஆளப்படாமல் போயாக வேண்டும். அது இ முனையிலிருந்து கிளம்பும் இ–ஈ விளிம்பாகத்தான் இருக்க முடியும். ஆ–இ விளிம்புக்குப் பதிலாக இ–ஈ விளிம்பைச் சேர்த்துக்கொண்டால் ஆதிக்கம் மீண்டும் நிறைவாகும். இ, ஈ இரண்டையும் தேர்ந்தெடுத்த வேறு விளிம்பு எதுவும் தொடாததால், கணத்துக்குள் ஒன்றையொன்று தொடும் சோடிகளின் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. இதையே திரும்பத் திரும்பச் செய்தால் முடிவில் மிஞ்சுவது ஒரு பொருத்தம்.

ஆக, விளிம்பு ஆதிக்க எண்ணைக் கண்டுபிடிப்பதும், மிகச் சிறிய நிறைந்த பொருத்தத்தைக் கண்டுபிடிப்பதும் ஒன்றே. தொலைபேசி இணைப்பகம் போன்ற அமைப்புகளில் இதற்கு நேரடியான பொருள் உண்டு. உள்வரும் தடங்களை ஒருபுறமும் வெளிச்செல்லும் தடங்களை மறுபுறமும் முனைகளாக வைத்து, இணைக்கத்தக்க இரு தடங்களுக்கு இடையே விளிம்பு வரைந்தால், நடந்துகொண்டிருக்கும் அழைப்புகள் ஒரு பொருத்தம். அழைப்புகளை நடுவில் இடம்மாற்ற முடியாதென்றால், புதிதாக ஓர் அழைப்பைக்கூட ஏற்க முடியாத நிலை நிறைந்த பொருத்தமாகும். மிகச் சிறிய நிறைந்த பொருத்தத்தின் அளவு, அமைப்பு எவ்வளவு குறைந்த அழைப்புகளிலேயே திணறி நின்றுவிடக்கூடும் என்பதைச் சொல்கிறது.

எந்த நிறைந்த பொருத்தமும் முனைகளில் பாதி எண்ணிக்கைக்கு மேல் போக முடியாது. எனவே விளிம்பு ஆதிக்க எண்ணும் அதைத் தாண்டாது. அந்த உச்ச அளவைச் சரியாக எட்டும் தொடர்புள்ள கோட்டுருக்கள் எவை என்பதைத் தமிழகத்தைச் சேர்ந்த எஸ். ஆறுமுகம், எஸ். வேலம்மாள் ஆகியோர் 1998-இல் தைவானீஸ் ஜர்னல் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரை வகைப்படுத்துகிறது. முனைகள் இரு புறமாகப் பிரிந்து, ஒவ்வொரு விளிம்பும் ஒருபுறத்து முனையை மறுபுறத்து முனையோடு மட்டும் இணைத்தால் அது இருகூறு கோட்டுரு; ஒருபுறத்து முனைகள் அனைத்தும் மறுபுறத்து முனைகள் அனைத்தோடும் இணைந்திருந்தால் அது முழுமையானது. இரட்டைப்படை எண்ணிக்கையில் முனைகள் கொண்ட முழுமையான கோட்டுருக்களும், இருபுறமும் சம எண்ணிக்கையில் முனைகள் கொண்ட முழுமையான இருகூறு கோட்டுருக்களும் மட்டுமே அவ்வகையில் சேரும்.

பெரியது எளிது, சிறியது கடினம்

ஒரு கோட்டுருவில் மிகப் பெரிய பொருத்தத்தைக் கண்டுபிடிக்க 1965-இல் ஜேக் எட்மண்ட்ஸ் ஓர் அல்காரிதம் தந்தார். அதன் வேலைநேரம் முனைகளின் எண்ணிக்கையைப் பொறுத்த பல்லுறுப்புக் கோவைக்குள் அடங்குகிறது. முனைகள் இரு மடங்கானால் நேரம் ஒரு குறிப்பிட்ட மடங்குக்கு மேல் கூடுவதில்லை. பெரியதைக் கண்டுபிடிக்க முடியும் என்றால் சிறிய நிறைந்த பொருத்தத்தையும் அதே வழியில் கண்டுபிடிக்கலாம் என்று தோன்றும். ஆனால் அங்கேதான் எல்லைக்கோடு விழுகிறது.

1980-இல் மிகாலிஸ் யன்னகாகிஸ், ஃபனிக்கா கவ்ரில் இருவரும் விளிம்பு ஆதிக்கக் கணக்கு என்பி-முழுமை வகையைச் சேர்ந்தது என்று நிறுவினர். அதாவது, கொடுத்த விடை சரியா என்று சோதிப்பது எளிது. ஆனால் விடையைக் கண்டுபிடிக்கப் பல்லுறுப்பு நேர அல்காரிதம் ஒன்று கிடைத்தால், அதே வகையைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான கணக்குகளுக்கும் அது கிடைத்துவிடும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் தாளில் வரையக்கூடிய தளக் கோட்டுருக்களானாலும் சரி, இருகூறு கோட்டுருக்களானாலும் சரி, எந்த முனையிலும் 3 விளிம்புகளுக்கு மேல் இல்லை என்ற கட்டுப்பாட்டைச் சேர்த்தாலும்கூட இக்கணக்கின் கடினம் குறைவதில்லை என்பதும் அவர்கள் காட்டியதே. 1993-இல் ஜோசப் ஹார்ட்டனும் கிரியாகோஸ் கிலாகோஸும் இக்கடினம் நீடிக்கும் கோட்டுரு வகைகள் மேலும் சிலவற்றைச் சேர்த்தனர்.

பொதுவான கோட்டுருக்களுக்கான நிறுவலை மட்டும் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். க முனைகள் கொண்ட முனை மூடல் ஒன்று இருக்கிறதா என்ற கேள்வி, ரிச்சர்ட் கார்ப் 1972-இல் வெளியிட்ட 21 என்பி-முழுமைக் கணக்குகளின் பட்டியலில் உள்ளது. அந்தக் கேள்வியை விளிம்பு ஆதிக்கக் கேள்வியாக மாற்றிவிட்டால் போதும். கொடுத்த கோட்டுருவில் 2க-க்கு மேல் முனைகள் இல்லையென்றால், விளிம்பே இல்லாத தனி முனைகளைச் சேர்த்து அந்த எண்ணிக்கையைத் தாண்ட வைக்க வேண்டும். அதனால் விடை மாறாது. பிறகு க புதிய முனைகளைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் எல்லாப் பழைய முனைகளோடும் இணைக்க வேண்டும். புதிய முனைகளுக்கு இடையே விளிம்பு கிடையாது.

பழைய கோட்டுருவில் க முனைகள் கொண்ட மூடல் இருந்தால், அந்த முனைகளை ஆளுக்கொரு புதிய முனையோடு சேர்த்து க விளிம்புகளை எடுக்கலாம். பழைய விளிம்புகள் மூடலைத் தொடுகின்றன. மற்றவை எல்லாம் புதிய முனைகளைத் தொடுகின்றன. எனவே அது ஆதிக்கக் கணம். மறுபக்கம், மாற்றிய கோட்டுருவில் க விளிம்புகள் கொண்ட ஆதிக்கக் கணம் இருந்தால், அதன் முனைகள் அதிகபட்சம் 2க; அவை முனை மூடலாக அமையும். புதிய முனை ஒன்று விடுபட்டால் அதோடு இணைந்த பழைய முனைகள் அனைத்தும் மூடலில் இருந்தாக வேண்டும். அவை 2க-க்கும் மேல் என்பதால் அது நடவாது. ஆகவே க புதிய முனைகளும் மூடலுக்குள் உள்ளன. மிஞ்சிய இடம் க மட்டுமே. அதற்குள் அடங்கும் பழைய முனைகளே பழைய கோட்டுருவின் எல்லா விளிம்புகளையும் மூடியாக வேண்டும்.

இந்த மாற்றம் கடினம் எங்கிருந்து வருகிறது என்பதையும் காட்டிக்கொடுக்கிறது. எந்த முனையை எதோடு சேர்ப்பது என்பதில் இங்கே சிக்கலே இல்லை. புதிய முனை எதுவும் எந்தப் பழைய முனையோடும் சேரும். எந்த முனைகளைத் தொடுவது, எவற்றை விடுவது என்ற முடிவில்தான் சிக்கல் முழுவதும் குடியிருக்கிறது.

மரங்களில் எளிய வழி

சுற்றுகளே இல்லாத தொடர்புள்ள கோட்டுரு, மரம். மரங்களில் விளிம்பு ஆதிக்க எண்ணை நேர்கோட்டு நேரத்தில், அதாவது முனைகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதமான நேரத்தில், கண்டுபிடிக்கும் அல்காரிதத்தை 1977-இல் சாண்ட்ரா மிட்செல், ஸ்டீபன் ஹெடெட்னியமி இருவரும் தந்தனர்.

ஏன் எளிது என்பதைப் பார்க்கலாம். மரத்தின் ஒரு முனையை வேராகக் கொண்டு, வேரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள இலையை எடுத்துக்கொள்வோம். அந்த இலையின் விளிம்பு ஆளப்பட வேண்டுமானால், அதன் தாய் முனையைத் தொடும் விளிம்பு ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தாய் முனையின் பிள்ளைகள் அனைத்தும் இலைகளே என்பதால், கீழ்நோக்கிய விளிம்புகளை எடுப்பதில் தனி ஆதாயம் எதுவும் இல்லை. தாய் முனையிலிருந்து அதற்கும் மேலுள்ள முனைக்குச் செல்லும் விளிம்பை எடுத்தால், கீழுள்ளவை எல்லாம் ஆளப்படுவதோடு மேல்முனையிலுள்ள விளிம்புகளும் சேர்ந்தே ஆளப்படும். அதைத் தேர்ந்தெடுத்து, அதன் இரு முனைகளையும் நீக்கிவிட்டு, மிஞ்சிய துண்டுகளில் இதையே தொடர்ந்தால் மிகச் சிறிய ஆதிக்கக் கணம் கிடைத்துவிடும். தாய் முனையே வேராக அமைந்துவிட்டால் அதன் விளிம்புகளில் எதையும் எடுக்கலாம்.

மரம் போன்ற கட்டமைப்பை ஓரளவு தக்கவைத்துள்ள கோட்டுருக்களுக்கும் இச்சலுகை நீள்கிறது. ஒரு கோட்டுரு மரத்திலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதை அளக்கும் மர அகலம் என்ற எண் ஒரு வரம்புக்குள் இருந்தால், நேர்கோட்டு நேரத்திலேயே விடை காணலாம்.

இருமடங்குக்குள் ஒரு விடை

மிகச் சரியான விடை கடினம் என்றால், அதற்கு அருகிலுள்ள விடையாவது கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. இங்கே விளிம்பு ஆதிக்கம் வியக்கத்தக்க அளவுக்கு எளிது. கைக்குக் கிடைத்த விளிம்பை எடுத்து, அதைத் தொடும் விளிம்புகளை நீக்கி, மீண்டும் ஒன்றை எடுத்து, இப்படியே எதுவும் மிஞ்சாத வரை போனால் கிடைப்பது ஒரு நிறைந்த பொருத்தம். அது எந்த நிறைந்த பொருத்தமாக இருந்தாலும், மிகச் சிறிய விடையைப்போல் இரு மடங்குக்கு மேல் போகாது.

காரணம் அந்த இரண்டு முனைகள்தான். மிகச் சிறிய ஆதிக்கக் கணத்தில் க விளிம்புகள் இருந்தால் அவற்றுக்கு அதிகபட்சம் 2க முனைகள். நம் பொருத்தத்திலுள்ள ஒவ்வொரு விளிம்பும் அந்த 2க முனைகளில் ஒன்றையாவது தொட வேண்டும். பொருத்தத்தின் விளிம்புகள் ஒன்றையொன்று தொடாததால், ஒரே முனையை இரண்டு விளிம்புகள் பங்குபோட முடியாது. ஆகவே அவை 2க-க்கு மேல் இருக்க வழியில்லை.

இந்த இருமடங்கு வெறும் மிகை மதிப்பீடு அல்ல. மூன்று விளிம்புகள் கொண்ட பாதையில் நடு விளிம்பு ஒன்றே போதுமென்று பார்த்தோம். கண்மூடித்தனமாக ஓர விளிம்பை முதலில் எடுத்தால் மறு ஓரத்தையும் எடுக்க வேண்டிவரும். ஒன்றுக்குப் பதில் இரண்டு. இத்தகைய பாதைகள் 1000 தனித்தனியாக உள்ள கோட்டுருவில், 1000 போதுமான இடத்தில் 2000 எடுத்து முடிப்போம்.

முனை ஆதிக்கக் கணக்கில் இப்படி ஒரு நிலையான மடங்குக்குள் விடை தரும் பல்லுறுப்பு நேர அல்காரிதம் எதுவும் தெரியவில்லை; அங்கே முனைகளின் எண்ணிக்கையின் மடக்கையைப்போல் வளரும் பிழையைத் தவிர்ப்பதே கடினம் என்று நிறுவப்பட்டுள்ளது. விளிம்புகளுக்கு வெவ்வேறு எடை கொடுத்து, மொத்த எடை மிகக் குறைவான ஆதிக்கக் கணத்தைக் கேட்டால், மேலே சொன்ன எளிய வழி உதவாது. மலிவான விளிம்பை விட்டு விலையுயர்ந்ததை அது எடுத்துவிடக்கூடும். எடையுள்ள கணக்குக்கு 2001-இல் வெளியான ஓர் அல்காரிதம் 2.1 மடங்கைத் தந்தது. தோஷிஹிரோ ஃபுஜிடோ, ஹிரோஷி நாகமோச்சி இருவரும் 2002-இல் அதை 2 மடங்காகக் குறைத்தனர்.

2-க்குக் கீழே ஒரு நிலையான மடங்கு சாத்தியமா? மிரோஸ்லாவ் க்ளெபிக், யான்கா க்ளெபிகோவா இருவரும் 2006-இல், 7/6 மடங்குக்குக் குறைவாகத் தோராயப்படுத்துவதே என்பி-கடினம், அதாவது என்பி-முழுமைக் கணக்குகளைப் போலவே கடினம், என்று காட்டினர். ஒருவகைக் கணக்குகளுக்குத் தோராய விடை காண்பதே என்பி-கடினம் என்று கூறி 2002-இல் சுபாஷ் கோட் முன்வைத்த, இன்னும் நிறுவப்படாத தனித்த ஆட்ட அனுமானத்தை ஏற்றுக்கொண்டால் தடை இன்னும் வலுக்கிறது. ஷிமோன் டுடிச், மாத்தேயுஸ் லெவாண்டோவ்ஸ்கி, யான் மார்ச்சின்கோவ்ஸ்கி ஆகிய மூவர், அந்த அனுமானத்தின்கீழ் 2-ஐவிடக் குறைந்த எந்த நிலையான மடங்கும் கடினமே என்று 2019-இல் நிறுவினர். கைக்குக் கிடைத்த விளிம்பை எடுக்கும் அந்த எளிய வழியே, அனுமானம் உண்மையானால், நிலையான மடங்குகளில் மிகச் சிறந்ததாகிவிடுகிறது. முனை மூடல் கணக்குக்கும் இதே அனுமானத்தின்கீழ் இதே 2 என்ற எல்லைதான்.

விடை சிறியதாக இருக்கும்போது

நடைமுறையில் கோட்டுரு பெரியதாகவும் தேடும் விடை சிறியதாகவும் இருப்பதுண்டு. 1000 விளிம்புகளிலிருந்து 10 விளிம்புகள் கொண்ட ஆதிக்கக் கணத்தைத் தேடுவதாக வைத்துக்கொள்வோம். எல்லாத் தேர்வுகளையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பதானால் அவை சுமார் 2.6 × 10²³. ஆனால் இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

10 விளிம்புகள் கொண்ட ஆதிக்கக் கணம் இருந்தால், அதன் 20 முனைகளுக்குள் ஒரு முனை மூடல் அடங்கியிருக்கும். முதலில் மூடலைத் தேடலாம். இன்னும் மூடப்படாத விளிம்பு ஒன்றை எடுத்தால், அதன் இரு முனைகளில் ஒன்று மூடலில் இருந்தாக வேண்டும். எனவே இரண்டே கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் ஒரு முனை சேர்வதால் 20 படிகளுக்கு மேல் போக வேண்டியதில்லை. மொத்தக் கிளைகள் 2-இன் 20-ஆம் அடுக்கு, அதாவது 10,48,576. இது கோட்டுரு எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்ததே அல்ல.

ஒரு மூடல் கையில் கிடைத்த பிறகு, அதன் எல்லா முனைகளையும் தொடும் மிகக் குறைந்த விளிம்புகளை எடுப்பதுதான் மீதி வேலை. மூடலிலுள்ள எல்லா முனைகளையும் தொட்டுவிட்டால் எல்லா விளிம்புகளும் தாமே ஆளப்பட்டுவிடும். இதற்கு, மூடலின் முனைகளுக்குள்ளேயே மிகப் பெரிய பொருத்தத்தை எட்மண்ட்ஸ் வழியில் கண்டுபிடித்து, சேராமல் மிஞ்சும் ஒவ்வொரு முனைக்கும் ஒரு விளிம்பைச் சேர்த்தால் போதும். கிடைக்கும் எண்ணிக்கை 10-க்குள் வருகிறதா என்று ஒவ்வொரு கிளையிலும் பார்க்கலாம். கடினமான பகுதி முனைகளைத் தேர்வதில் முடிந்துவிடுகிறது. விளிம்புகளைத் தேர்வது எளிய பகுதியாகிறது.

பொதுவாக, க விளிம்புகளுக்கு இம்முறையின் கிளைகள் 4-இன் க-ஆம் அடுக்கு. ஹென்னிங் ஃபெர்னாவ் 2006-இல் இந்த 4-ஐ 2.6181 ஆகக் குறைத்தார். பின்னர் வந்தவர்கள் 2.4181, 2.3147 என்று படிப்படியாக இறக்கி, 2016-இல் கென் இவாய்டே, ஹிரோஷி நாகமோச்சி கைகளில் அது 2.2351 ஆனது. இத்தகைய கணக்குகள் அளவுருவால் கட்டுப்படுத்தத்தக்கவை எனப்படுகின்றன. முனை ஆதிக்கக் கணக்கோ டவ்னி, ஃபெல்லோஸ் வகுத்த கடினப் படிநிலையில் டபிள்யூ[2]-முழுமை என்ற மட்டத்தில் உள்ளது. அதற்கு இப்படியொரு வழி இருக்காது என்பதே பரவலான எதிர்பார்ப்பு. ஒரு முனை ஆயிரம் முனைகளை ஆளக்கூடும். அவற்றில் எதிலிருந்து கிளைப்பது என்பதை இரண்டு தேர்வுகளுக்குள் சுருக்க முடிவதில்லை.

சரியாக ஒரு முறை

பீட்டர்சன் கோட்டுருவில் ஒவ்வொரு விளிம்பும் சரியாக ஒரே முறை ஆளப்பட்டது. இந்த நிபந்தனையையே கட்டாயமாக்கினால் கிடைப்பது திறன்மிகு விளிம்பு ஆதிக்கக் கணம். இது எல்லாக் கோட்டுருக்களுக்கும் இருக்காது. ஒவ்வொரு முனையிலும் 3 விளிம்புகள் கொண்ட கோட்டுருவில் ஒரு விளிம்பு 5 விளிம்புகளை ஆள்வதால், மொத்த விளிம்புகள் 5-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். நான்கு முனைகள் கொண்ட முழுமையான கோட்டுருவில் 6 விளிம்புகள். அதற்கு வாய்ப்பே இல்லை.

இருக்கும் இடத்தில் அதைவிடச் சிறிய ஆதிக்கக் கணம் கிடையாது. வேறு எந்த ஆதிக்கக் கணத்தை எடுத்தாலும், அதிலுள்ள ஒவ்வொரு விளிம்பும் திறன்மிகு கணத்தின் ஒரே ஒரு விளிம்பைத்தான் தொடும் அல்லது அதுவாகவே இருக்கும். திறன்மிகு கணத்தின் விளிம்புகள் அனைத்தும் ஆளப்பட வேண்டுமென்றால், மற்றக் கணத்தில் குறைந்தது அத்தனை விளிம்புகளாவது இருந்தாக வேண்டும். ஒரு கோட்டுருவின் திறன்மிகு கணங்கள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதற்கும் இதுவே காரணம்.

ஆனால் அப்படியொரு கணம் இருக்கிறதா என்று தீர்மானிப்பதே கடினம். 1993-இல் கிரின்ஸ்டெட், ஸ்லேட்டர், ஷெர்வானி, ஹோம்ஸ் ஆகியோர் இக்கேள்வி என்பி-முழுமை என்று நிறுவினர். இருகூறு கோட்டுருக்களுக்கும் இதே நிலை என்பது 1998-இல் தெரியவந்தது. எல்லா முனைகளிலும் ஒரே எண்ணிக்கையில், மூன்றோ அதற்கு மேலோ, விளிம்புகள் சேரும் சீரான கோட்டுருக்களுக்கும் கடினம் தணிவதில்லை. இடைவிளிம்பு எதுவும் இல்லாமல் நீளும் ஏழு முனைப் பாதை உள்ளே அமையாத கோட்டுருக்களுக்கோ, ஆந்திரேயாஸ் பிராண்ட்ஷ்டெட்டும் ரஃபேல் மொஸ்காவும் நேர்கோட்டு நேர அல்காரிதமே தந்துள்ளனர்.

எங்கே இடைவெளி

பொதுவான கோட்டுருக்களில் நிலவரம் ஏறக்குறைய தெளிவு: 2 மடங்குக்குள் விடை காண்பது எளிது, 7/6-க்குக் கீழே கடினம், தனித்த ஆட்ட அனுமானத்தை ஏற்றால் நடுவிலுள்ள பகுதியும் கடினத்தின் பக்கமே சேரும். இருகூறு கோட்டுருக்களில் 2019-இல் அந்தத் தெளிவு இருக்கவில்லை. அதே அனுமானத்தின்கீழ் அங்கே கடினமென்று அப்போது தெரிந்தது 4/3 மடங்குக்குக் கீழே மட்டுமே. சிறுகண விரிவு அனுமானம் என்ற அதைவிட வலுவான அனுமானத்தை எடுத்துக்கொண்டபோது அது 3/2 வரை உயர்ந்தது. முனை மூடல் இருகூறு கோட்டுருக்களில் எளிய கணக்கு. மிகப் பெரிய பொருத்தத்தின் அளவும் மிகச் சிறிய மூடலின் அளவும் அங்கே சமம் என்று டேனஸ் கேனிக் 1931-இலேயே நிறுவிவிட்டார். மூடல் எளிதாகிவிட்ட இடத்திலும் விளிம்பு ஆதிக்கம் கடினமாகவே நீடிக்கிறது. காரணம், தேவைப்படுவது மிகச் சிறிய மூடல் அல்ல. தன் முனைகளுக்குள்ளேயே நன்றாகச் சோடி சேரும் மூடல். அந்தக் கூடுதல் நிபந்தனைக்கு என்ன விலை என்பதை அப்போது 3/2-க்கும் 2-க்கும் இடைப்பட்ட அந்த இடைவெளிதான் அளந்தது.